எல்லைக்குள் ஒரு ரத்த சொந்தம்

தான் சின்னராசுவுக்கு ரத்த சொந்தம் இல்லை என்பதை வக்கீல் சொல்லித்தான் மணிமொழி தெரிந்துகொண்டாள்.

"நீ பொண்டாட்டிம்மா. பொண்டாட்டி எப்படி ரத்த சொந்தம் ஆவா?" என்றார் அவர். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய அறை. கீழேயிருந்து யூரியா நெடி படியேறி வந்துகொண்டிருந்தது. "ஜாமீன் கிடைச்சிடுச்சு. அதுவரைக்கும் நல்ல சேதி. ஆனா மாஜிஸ்திரேட் கண்டிஷன் போட்டிருக்காரு. ரெண்டு பேர் ஜாமீன் நிக்கணும். ரெண்டு பேருக்கும் இந்தக் கோர்ட்டு எல்லைக்குள்ள சொத்து இருக்கணும். அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும்."

மணிமொழியின் அப்பா பொன்னுரங்கம் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். "எனக்கு ஏரிப் பாசனத்துல நெலம் இருக்குதுங்க. பட்டா எம் பேர்லதான்."

"நீங்க மாமனாரு. சொத்து சரி, ரத்தம் இல்லையே."

"எம் பையன் எளஞ்செழியன்…"

"மச்சானும் ரத்தம் இல்ல. அதுவும் மறியல் முடிஞ்சதுலேர்ந்து ஒங்க பையனை போலீஸ் தேடிக்கினு இருக்கு. அவனை இந்தப் பக்கமே காட்டிடாதீங்க."

மூலையில் கேஸ் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த குமாஸ்தா பூமாலை தலையை நீட்டினார். "கொழந்தை இருக்குதாம்மா?"

"ஒரு பொண்ணு இருக்குதுங்க. ஷாலினி. இப்பத்தான் பேச ஆரமிச்சிருக்குது."

"அதுதான் அசல் ரத்த சொந்தம். கைநாட்டும் வெக்கும். சொத்துதான் கம்மி."

யாரும் சிரிக்கவில்லை. பூமாலை மறுபடியும் கட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

"கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார் வக்கீல்.

"ஒரு அண்ணன் இருக்காருங்க. செல்லமுத்துன்னு பேரு. மலைக்கு அந்தாண்ட, நல்லாம்பட்டியில மரவள்ளி போட்டுக்கினு இருக்காரு."

"அப்ப சேலம் ஜில்லா." வக்கீல் பேனாவை மூடினார். "நம்ம கோர்ட்டு எல்லை அங்க போகாது. இன்னொண்ணு கேக்கறன். ஒங்க ஊர்ல புடிச்ச மத்த பசங்க எல்லாம் சாதாரண ஜாமீன்ல வந்துட்டாங்க. ஏன்னா அவங்க எல்லாம் சிறுகுப்பம்னு விலாசம் குடுத்திருக்காங்க. ஒம் புருசன் மட்டும் நல்லாம்பட்டி, ஆத்தூர் தாலுக்கான்னு குடுத்திருக்கான். வெளி ஜில்லா ஆளு, விட்டா ஓடிப்போயிடுவான்னு அரசு வக்கீல் சொல்றாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒங்க வூட்லதான இருக்கான்? எதுக்கும்மா அப்படிச் சொன்னான்?"

மணிமொழிக்குக் காரணம் தெரியும். பொன்னுரங்கத்துக்கும் தெரியும். அவர் ஜன்னல் வழியே எதிர்க்கடையின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னராசு சிறுகுப்பத்துக்கு முதலில் வந்தது மாப்பிள்ளையாக அல்ல, பொன்னுரங்கத்தின் கிணற்றில் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்ட. ஒரு நாள் வேலையை மூன்று நாள் இழுத்தான். மூன்றாம் நாள் தண்ணீர் குழாயில் குபுகுபுவென்று பாய்ந்தபோது அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை, வரப்பில் நின்றிருந்த மணிமொழியைப் பார்த்தான். பையன் படிக்கப் போய்விடுவான், நிலத்தைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்திருந்த பொன்னுரங்கத்துக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். அண்ணனிடம் பங்கு வேண்டாம் என்று வாய்ச் சொல்லாகச் சொல்லிவிட்டு, ஒரு பையும் ஸ்பேனர் கட்டுமாக வந்தவன். அத்தனை நாள் ஆன பிறகும் வாசல்படி ஏறும்போது லேசாக இருமிவிட்டுத்தான் உள்ளே வருவான். "ஒங்க வூடுதாங்க, எதுக்கு இருமறீங்க?" என்று மணிமொழி எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். சிரிப்பான். மறுநாளும் இருமுவான்.

மறியலுக்கு முந்தின ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைக்கட்டு வரி பேசுகிற கூட்டம். குடும்பத் தலைவன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவன்தான் ஊரில் ஓர் ஆள், அவனுக்குத்தான் கோயிலில் மரியாதை, கூட்டத்தில் பேச்சு. சின்னராசு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். தன் பெயருக்கும் ஒரு தலைக்கட்டு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டான்.

"வூட்டோட மாப்ளைக்கு ஏதுய்யா தலைக்கட்டு? மாமனார் தலைக்கட்டுல ஒண்டிக்கினு இருக்க வேண்டியதுதான்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. பொன்னுரங்கமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மணிமொழியிடம் சொன்னான். அவள் மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு எதுக்குங்க தனியா? அதான் அப்பா கட்டறாரு இல்ல?" என்று சொல்லிச் சிரித்தாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதில்லை. அவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை மல்லாட்டை உரித்தான்.

புரட்டாசி பிறந்ததும் மறியல் வந்தது. எண்பத்தேழாம் வருஷம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையில் வண்டி ஓடக்கூடாது என்று முடிவாகியிருந்தது. சிறுகுப்பத்தில் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் ரோட்டுக்கு வரவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். இளஞ்செழியன் கல்லூரிப் பையன்களோடு வேறு பக்கம் போய்விட்டான். பொன்னுரங்கத்துக்கு முழங்கால் வீக்கம். "மாப்ள, நம்ம தலைக்கட்டுக்கு நீங்கதான்" என்றார். சின்னராசு மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினான்.

சேலம் ரோட்டில் புளிய மரங்கள் குறுக்கே கிடந்தன. போலீஸ் வேன்கள் வந்து இறங்கியபோது ஊர்ப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் கரும்புக் கொல்லைகளுக்குள் புகுந்து ஓடினார்கள். யார் கொல்லையில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று பிறந்ததிலிருந்து ஓடிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். சின்னராசு ரோட்டிலேயே ஓடினான். மாட்டிக்கொண்டான்.

கடலூர் ஜெயிலில் முதல் முறை பார்த்தபோது, கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து மணிமொழி கேட்டாள்: "ஏங்க நல்லாம்பட்டின்னு சொன்னீங்க?"

"தலைக்கட்டு இல்லாத ஊரை எங்க ஊருன்னு எப்படி மணி சொல்றது? நாளைக்கு ஊர்ல கேக்க மாட்டாங்களா? நல்லாம்பட்டியில எங்கப்பா தலைக்கட்டு இருக்கு. அதான் சொன்னேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். ஒரு கணக்கை விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

அவன் வெளியே வந்தாலும் நம் வீட்டுக்கு வருவானா என்கிற பயம் அன்றைக்குத்தான் அவளுக்குள் விழுந்தது. அவனை வெளியே கொண்டுவர வேண்டும், முகத்துக்கு நேரே நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

செல்லமுத்துவைக் கூட்டிவர மலை வழியாகப் போனார்கள். சேலம் ரோட்டில் இன்னமும் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் அந்த ரோடே வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளிமலைக்குப் போகிற ஜீப்பில் கடுக்காய் மூட்டைகளுக்கும் மலைக்காரப் பெண்களுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளிமலையில் வேறு ஜீப் மாறி மேற்கே போனார்கள். ஓரிடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இதோ இந்தப் பாறைக்கு அந்தாண்ட சேலம் ஜில்லா" என்றான்.

மணிமொழி எட்டிப் பார்த்தாள். பாறைக்கு இந்தப் பக்கமும் சாமை விளைந்திருந்தது, அந்தப் பக்கமும் சாமை விளைந்திருந்தது.

"எங்க ஆடு ரெண்டு ஜில்லாலயும் மேயும்" என்றாள் பக்கத்திலிருந்த பெண். "யாரும் ஜாமீன் கேக்கறதில்ல."

பொன்னுரங்கத்தின் புலம்பலை வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவள் அவள். மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

செல்லமுத்து தம்பியைவிட நிறைய வயது மூத்தவர். பேச்சு குறைவு. பேச்சையெல்லாம் அவர் மனைவி இருசம்மாள் பார்த்துக்கொண்டாள்.

"பங்கு வேண்டாம்னு போனவரு, இப்ப நல்லாம்பட்டிதான் எங்க ஊருன்னு போலீசுல எழுதிக் குடுத்திருக்காராக்கும்? நல்லா இருக்கு. நாளைக்கு வந்து, பாரு, கவர்மெண்டு காகிதத்துலயே நான் இந்த ஊருதான், வெட்டு பாதியைன்னு நின்னா?"

"அக்கா, சத்தியமா அதுக்கு இல்லக்கா" என்றாள் மணிமொழி.

"உனக்குத் தெரியாது. இதெல்லாம் உங்கப்பா யோசனையா இருக்கும்."

"எம்மாடி, எனக்கு இருக்கற முழங்காலுக்கு மலையேறி வந்து யோசனை வேறயா?" என்றார் பொன்னுரங்கம்.

செல்லமுத்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன். வந்து நிக்கிறேன். அதுக்கு மேல என்னை ஒண்ணுத்துலயும் இழுக்காதீங்க" என்றார். உள்ளே ஒரு பாத்திரம் சத்தமாக விழுந்தது.

கோர்ட்டில் அவர் கூண்டருகே நின்றபோது மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

"நிலம் எங்க இருக்கு?"

"ஆத்தூர் தாலுக்காங்க ஐயா."

"அது என் எல்லையில இல்லையே."

"இல்லீங்க ஐயா" என்றார் செல்லமுத்து, அந்த நிலத்தை அங்கே வைத்தது தன் குற்றம் என்பதுபோல.

வக்கீல் எழுந்து கண்டிஷனைத் தளர்த்தும்படி மனு போட்டார். மனுவுக்கு வாய்தா. அடுத்த வாய்தாவில் அரசு வக்கீல் வரவில்லை. அதற்கடுத்த முறை மாஜிஸ்திரேட் லீவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் செல்லமுத்து மலை தாண்டி வந்தார், கோர்ட்டு வேப்பமரத்தடியில் நின்றார், போனார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தீபாவளிக்குள் வந்துவிடுவான் என்று மணிமொழி நினைத்திருந்தாள். தீபாவளியன்று ஷாலினி புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகையில் போய், "ப்பா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. மணிமொழியின் அம்மா ராணியம்மாள் பலகாரம் சுட்ட எண்ணெயை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

ஐப்பசி கடைசியில் உத்தரவு வந்தது. சொத்துக்குப் பொன்னுரங்கமும் பக்கத்து வீட்டு முனியனும் நிற்கலாம். ரத்தத்துக்குச் செல்லமுத்து, நிலம் எல்லைக்கு வெளியே இருந்தாலும் போதும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் மணிமொழியும் பொன்னுரங்கமும் கடலூரில் ஜெயில் வாசலில் நின்றார்கள். விடுதலைக் காகிதத்தோடு பூமாலை வந்திருந்தார். செல்லமுத்துவும் வந்திருந்தார், யாரும் கூப்பிடவில்லை, அவராகத்தான் வந்தார். வழியெல்லாம் மணிமொழி ஒரு பேச்சை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தாள். அப்பா ஊர்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டார். அடுத்த ஆடியில் சின்னராசு பேருக்குத் தனித் தலைக்கட்டு. பொன்னுரங்கம் உண்மையாகவே போய்க் கேட்டிருந்தார். "மொதல்ல ஆள் வரட்டும், பாக்கலாம்" என்றிருந்தார்கள். அந்தப் "பாக்கலாம்" என்பதை அவள் கழற்றிப் போட்டுவிட்டாள்.

உள்ளே போன பூமாலை திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

வாசலுக்கு வலப்பக்கம் நின்றிருந்த போலீஸ் வேனை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். சேலம் நம்பர்.

"பி.டி. வாரண்டும்மா" என்றார் பூமாலை. "உள்ள இருக்கற ஆளை வேற கேசுக்காக இன்னொரு கோர்ட்டு கூப்பிடறது. நம்ம ஊரு மறியலுக்கு முந்தின நாளு, அவங்க சரகத்துல ஒரு பஸ்சை ஒடச்சிருக்காங்க. எஃப்.ஐ.ஆர்ல அஞ்சாறு பேரு, 'மற்றும் பலர்'னு போட்டு வெச்சிருக்காங்க. அந்தப் பலர்ல இவரைச் சேத்துட்டாங்க. இங்க விலாசம் நல்லாம்பட்டின்னு இருக்குதே. அவங்க சரகத்து ஆளு, மறியல் கேசுல உள்ள இருக்கான், வேற இன்னா வேணும் அவங்களுக்கு?"

"அன்னிக்கு அவரு எங்க மோட்டார் கொட்டாயில இருந்தாருங்க. நான்தான் கஞ்சி எடுத்துக்கினு போனன்."

"இருக்கலாம்மா. அதை அந்தக் கோர்ட்டுல சொல்லணும்."

"நம்ம ஜட்ஜ் ஐயாதான் வுட்டுட்டாரே?"

"அவரு வுட்டது அவரு கேசுக்கு. அவரு கையெழுத்து அந்த எல்லையில செல்லாதும்மா."

சின்ன வாசல் திறந்தது. சின்னராசு குனிந்து வெளியே வந்தான். இளைத்திருந்தான். வந்தவன் முதலில் பார்த்தது அண்ணனைத்தான்.

"அண்ணா! நீயா வந்த?" முகமெல்லாம் மலர்ந்து போயிற்று. அவனுக்கு வேனைப் பற்றி இன்னும் சரியாகப் புரியவில்லையோ, புரிந்தும் அந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்ததோ. செல்லமுத்து கீழே பார்த்தார்.

கூட வந்த ஏட்டு வயதானவர். "ரெண்டு நிமிஷம் பேசிக்கம்மா. சீக்கிரம்" என்று சொல்லி பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.

"பாப்பா நல்லாருக்கா?"

"நல்லாருக்குதுங்க. அப்பா எங்கன்னு கேக்குது."

"மோட்டார்ல தண்ணி வருதா? ஃபுட் வால்வை மாத்தணும்னு நெனச்சிருந்தேன்."

"வருதுங்க. ஏங்க, அப்பா ஊர்ல பேசிட்டாருங்க. ஒங்க பேருக்கு…" அடுக்கி வைத்திருந்ததை அவள் பாதியில் விட்டாள். "அன்னிக்கு நான் சிரிச்சது தப்புங்க. வூட்டுக்கு வந்துடுங்க."

அவன் அவளையே பார்த்தான். "வராம எங்க போவேன் மணி? இவங்க விடட்டும்" என்றான்.

"ஏறுப்பா" என்றார் ஏட்டு.

அவள் இத்தனை நாள் பயந்தது அவன் மனதைப் பற்றி. அந்த மனம் ஒரு நொடியில் அவள் கைக்கு வந்துவிட்டது. ஆள் வேனில் ஏறிக்கொண்டிருந்தான். கம்பி வலைக்குப் பின்னால் அவன் கை அசைவது கொஞ்ச தூரம் தெரிந்தது.

"இப்ப எல்லாம் தலைகீழ்" என்றார் பூமாலை, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "அந்தக் கோர்ட்டுக்கு நம்ம பொன்னுரங்கம் ஐயா யாரும் இல்ல. நம்ம வக்கீல் அங்க போனாலும் ஜாமீன் நிக்க ஆள் வேணும்." செல்லமுத்துவைப் பார்த்தார். "ரத்தமும் நீங்க, சொத்தும் நீங்க."

எல்லோரும் செல்லமுத்துவைப் பார்த்தார்கள்.

"ஏற்கெனவே ஒரு எடத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் அவர். "இனி நம்ம ஊரு ஸ்டேஷன். நம்ம ஊரு சனங்க. அங்க போயி, இவன் என் தம்பி, இந்த ஊருக்காரன்னு நின்னா, நாளைக்கு அவனுக்குப் பங்கும் உண்டுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்."

சேலம் பஸ்ஸில் நான்கு பேரும் ஏறினார்கள். செல்லமுத்து முன்னால் தனியாக ஒரு சீட்டில் உட்கார்ந்தார். பண்ருட்டியில் பூமாலை முறுக்கு வாங்கினார், யாரும் தொடவில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ரோட்டோரத்தில் வெட்டுப்பட்ட புளிய மரங்களின் அடிகள் வந்துகொண்டே இருந்தன. சிலவற்றில் துளிர் விட்டிருந்தது. மணிமொழி அவற்றைப் பார்க்காமல் செல்லமுத்துவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நரைத்த மயிர், வெயிலில் கறுத்த தோல், தம்பிக்கு இருப்பதுபோலவே ஒட்டிய காது.

கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் பூமாலை இறங்கினார். பொன்னுரங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாம்மா. வக்கீலைப் பாத்துட்டு வூட்டுக்குப் போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"வக்கீல் இன்னாப்பா பண்ணுவாரு? நீ இன்னா பண்ணுவ?" என்றாள். "நாளைக்கு அம்மாவையும் ஷாலினியையும் ஜீப்புல ஏத்தி நல்லாம்பட்டிக்கு அனுப்பு. என் சேலை ரெண்டு எடுத்தாரச் சொல்லு."

"அங்க போயி? அந்தம்மா வாய்க்கு முன்னாடி ஒரு நாள் தாக்குப் புடிப்பியா? வான்னு அவங்க கூப்பிடலையே மணி!"

"கூப்பிடலப்பா."

கண்டக்டர் விசில் ஊதினார். பொன்னுரங்கம் இறங்கி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு நாலு எட்டு வந்தார். பஸ் வேகமெடுத்தது. கையை எடுத்துவிட்டார்.

மணிமொழி எழுந்து போய் செல்லமுத்துவுக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. சின்னசேலம் வரும்வரை திரும்பவில்லை. தூறல் போட்டது. அவர் எழுந்து தன் ஜன்னலை மூடினார். பிறகு ஒரு கணம் நின்று அவள் பக்கத்து ஜன்னலையும் இழுத்து மூடினார்.

"இருசம்மா எதாச்சும் சொல்லுவா" என்றார். "மனசுல வெச்சுக்காத."

"சரிங்க மாமா."

ஜாமீனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது.